ரியோஹாவும் ஊறலும்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த 'பக்குவம்' கட்டுரையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டியிருக்கிறது. 23 வயதான ஒரு ஸ்பானியச் சிவப்பு வைனை முன்னால் வைத்துக்கொண்டு ரசனை, மரபு, காலம் என்று மூன்று பெரிய சமாச்சாரங்களை ஆறே பக்கங்களில் தீர்த்துவைத்திருக்கிறார். பாட்டில் அதன் உச்சத்தில் இருந்தது என்பது கட்டுரையின் முதல் வாக்கியம். இந்த வாக்கியம் பொய். 2024 நவம்பரில், புதுச்சேரியில், அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்கிற உரிமை எனக்கு இருக்கிறது.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. அதே வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த சாவுகளைப் போகிற போக்கில் தொட்டுவிட்டு, காத்திருக்கத் தெரிந்தவனுக்கு ரசனை, அவசரக்காரனுக்குப் போதை என்று முடித்திருக்கிறார். நான் வேலை பார்ப்பது கள்ளக்குறிச்சியில். ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. நகைக் கடன் சீட்டும் கரும்புக் கடன் படிவமும் என் பகல்கள். ஆகவே இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்பது என் கட்சி.

முதலில் பாட்டில். 2001ஆம் வருஷத்து ரியோஹா, கிரான் ரெசர்வா வகை. டெம்ப்ரானில்யோ என்ற திராட்சைதான் அதில் பிரதானம். கிரான் ரெசர்வா என்று லேபிளில் போட வேண்டுமானால் வைன் ஐந்து வருஷமாவது காத்திருக்க வேண்டும், அதில் இரண்டு வருஷமாவது ஓக் பீப்பாய்க்குள். 1964, 1994, 2001 ஆகியவை ரியோஹாவின் ஒழுங்குமுறைக் குழு 'மிகச் சிறந்தவை' என்று முத்திரை குத்திய வருஷங்களில் சேர்ந்தவை. நண்பர் இதையெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார். புத்தகத்திலும் லேபிளிலும் இருக்கிற விஷயத்தில் அவர் தவறு செய்கிறவரல்ல. அவர் எழுதாமல் விட்டது கோப்பையில் இருந்ததை.

கோப்பையில் என்ன இருந்தது? நல்லபடியாக முதிர்ந்த ரியோஹா விளிம்பில் செங்கல் நிறம் காட்டும். நடுவில் இன்னும் சிவப்பு நின்றிருக்கும். இது விளிம்பிலிருந்து நடுவரை ஆறிப்போன டீ டிகாக்ஷன். முகர்ந்தால் காய்ந்த அத்திப்பழம், பழம்புளி, அதற்கு அடியில் அடுப்பில் அதிக நேரம் கிளறிவிட்ட பழக்கூழின் வாசனை, கடைசியில் மூக்கின் நுனியைச் சுருக்கென்று குத்துகிற காடி. வாயில் புளிப்பு மட்டும் தனியாக நின்றது. புளிப்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய துவர்ப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. தக்கையை இழுத்தபோது பாதி உதிர்ந்தது. மீதிப் பாதியின் பக்கவாட்டில் வைன் மேல்வரை ஏறிக் கசிந்த கறை. இந்த ஒரு கறை போதும், பாட்டிலின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல. வெக்கையில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது, ஆறியபோது காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. 12, 13 டிகிரியில் இருட்டில் படுக்கவைக்க வேண்டிய பாட்டில், மூன்று கோடைகள் நண்பர் வீட்டு மாடியில், விமர்சன நூல்களுக்குப் பக்கத்தில், நிமிர்ந்து நின்றிருக்கிறது. ஸ்பெயினில் அதற்கு 23 வயது. புதுச்சேரி மாடியில் அதற்கு என்ன வயது என்று லேபிள் சொல்லாது, நாக்குதான் சொல்ல வேண்டும். ஆறு நாக்குகள் இருந்தன. ஐந்து நாக்குகள் லேபிளைப் படித்துவிட்டு ஆமாம் போட்டன.

இது வெறும் பாட்டில் தகராறு அல்ல. ஒரு வைனை எப்போது குடிப்பது என்று தீர்மானிப்பது சுத்தமான விமர்சனச் செயல். அதில் வேறு எதையும் வைத்து ஒப்பேற்ற முடியாது. உலகத்தில் வடிக்கப்படும் வைனில் பெரும் பகுதி ஓரிரு வருஷத்துக்குள் குடித்துவிடுவதற்காகவே வடிக்கப்படுகிறது. அதை இருபது வருஷம் வைத்திருந்தால் பக்குவம் வராது, காடிதான் வரும். காலம் எல்லாவற்றையும் உயர்த்துகிறது என்பது மூடநம்பிக்கை. உயரக்கூடியது எதுவோ அதற்குள் முதலிலேயே சில இருக்க வேண்டும்: போதிய புளிப்பு, போதிய துவர்ப்பு, அடர்த்தி. திராட்சையின் தோலும் விதையும் பீப்பாயின் மரமும் தருகிற துவர்ப்புப் பொருள் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, அடியில் வண்டலாகப் படிகிறது. இளமையில் ஈறைப் பிடித்து இழுத்த வைன் மெல்ல இளகுகிறது. பழத்தின் வாசனை தேய, தோல், புகையிலை, காய்ந்த இலை என்று வேறு வாசனைகள் ஏறுகின்றன. ஒன்று ஏறுவதும் ஒன்று இறங்குவதும் சந்திக்கும் ஒரு காலப்பகுதி உண்டு. அதைத் தாண்டினால் இறங்குமுகம் மட்டும்தான். அந்தச் சந்திப்பு எப்போது என்று தெரிந்துகொள்ள வைன்காரர்கள் கண்டுபிடித்த வழி மிகச் சாதாரணமானது. ஒரே வைனில் பன்னிரண்டு பாட்டில் வாங்கிப் படுக்கவைத்து, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒன்றாகத் திறந்து, குறிப்பெழுதி, பழைய குறிப்போடு ஒப்பிடுவது. நம்மிடம் பன்னிரண்டு இல்லை, ஒன்றே ஒன்று இருந்தது. ஒரே ஒரு பாட்டிலைக் குடித்தவன் அது நன்றாயிருந்தது, நன்றாயில்லை என்று சொல்லலாம். 'உச்சம்' என்று சொல்வதற்கு அவன் ஏறியதையும் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் வங்கியில் சீனியாரிட்டி லிஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒருவன் எத்தனை வருஷம் நாற்காலியைத் தேய்த்தான் என்பது அதில் இருக்கும். என்ன வேலை செய்தான் என்பது இருக்காது. நம் பத்திரிகைகளில் 'க்ளாசிக்' என்ற சொல் இந்த லிஸ்டைப் போலத்தான் புழங்கிக்கொண்டிருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சிறுபத்திரிகைக் கவிதை எதை எடுத்தாலும் அதற்கு ஒரு மௌனம், ஒரு ஆழம், ஒரு பக்குவம். அவற்றில் பாதி அச்சான மாதத்திலேயே வாசித்து முடித்திருக்க வேண்டியவை; அன்றைக்கு அவற்றுக்கு ஒரு துள்ளல் இருந்தது, அது உண்மை. இன்று அதைத் திறந்தால் ஆறின டிகாக்ஷன். இதைச் சொல்கிறவனை மரபு தெரியாதவன் என்கிறார்கள். மரபு தெரிந்தவன் லேபிளைப் படிப்பவன் என்று ஆகிவிட்ட பிறகு அந்தப் பட்டம் எனக்கு வேண்டியதில்லை.

மரபு என்றதும் நண்பர் சங்க இலக்கியத்துக்கு ஓடுகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிலிருந்து அவர் ஒரே தாவலில் ரியோஹாவுக்கு வந்து, ஈராயிரம் வருஷத்து உறவு என்று புளகாங்கிதம் அடைகிறார். அவர் வீட்டிலிருந்து அரிக்கமேடு கூப்பிடு தூரம். 1945இல் வீலர் தோண்டிய இடம். அங்கே கிடைத்த மத்தியதரைக் கடல் சாடித் துண்டுகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது, வைன் முக்கியமாக வந்தது கிரேக்கத் தீவான கோஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும். ஸ்பெயினிலிருந்து வந்த சாடிகளில் இருந்தது எண்ணெயும் மீன் ஊறலும். நம்முடைய ஸ்பானிய உறவு கருவாட்டு வாசனை உள்ளது என்று எழுதினால் கட்டுரைக்கு அந்தஸ்து குறைந்துவிடும் போலிருக்கிறது.

அவர் பார்க்காமல் விட்டது இன்னும் பக்கத்தில் இருக்கிறது. மலைபடுகடாம் நன்னனின் மலைநாட்டைப் பாடுகிறது. செங்கம் பக்கம், கல்வராயன் மலைக்கு வடக்கே. அந்தப் பாட்டில் மூங்கில் குழாய்க்குள் விளையவிட்ட தேன் தேறல் வருகிறது. பீப்பாய்க்குப் பதில் மூங்கில், திராட்சைக்குப் பதில் தேன். மரத்துக்குள் அடைத்துக் காலத்தை வேலை செய்ய விடுவது இந்த மலைக்குத் தெரிந்த விஷயம். நான் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சங்கப் பெருமை பேசியே நாம் நாசமாகப் போனோம். நண்பரின் இரண்டாவது வாக்கியத்துக்குப் பதிலாகச் சொல்கிறேன். காத்திருத்தல் இன்ன தேசத்தாருக்கு, இன்ன வருமானக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த கலை என்று அவர் நினைக்கிறாரே, அதற்காக.

காத்திருத்தலுக்கு வருஷம்தான் அளவு என்று யார் சொன்னது? பனங்கள்ளுக்கு அளவு மணி. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் சொட்டும்போதே அது நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் இறக்கினால் பதநீரின் இனிப்பு இன்னும் பாதி இருக்கும், நாக்கில் லேசாகப் பொரியும். பத்து மணிக்கு இனிப்பும் புளிப்பும் சரிக்குச் சரி. பிற்பகலில் புளிப்பு ஓங்கி, மறுநாள் காடி. ஏறுமுகம், சந்திப்பு, இறங்குமுகம் என்று ரியோஹா இருபது வருஷத்தில் நடிக்கிற அதே நாடகம், ஒரே பகலில். எந்தப் பொழுதுக் கள் யாருக்கு, வயிற்றுச் சூட்டுக்கு எது, எந்த மரத்துக் கள் தனியாக வைக்கத் தக்கது, எதைக் கலந்துவிடலாம் என்று பனையேறிக்குத் தெரியும், குடிப்பவனுக்கும் தெரியும். ஒரே மரத்துக் கள்ளைக் கேட்டு வாங்கிக் குடித்த கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே தோட்டத்துத் திராட்சை என்று நண்பர் மெய்சிலிர்க்கிறாரே, அதுவும் இதுவும் ஒரே அறிவு. கள்ளுக்கான பன்னிரண்டு பாட்டில் பரிசோதனை ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருந்தது. குறிப்பு மட்டும் யாரும் எழுதவில்லை.

தமிழ்நாட்டில் 1987இல் கள் விற்பனை நின்றது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இல் சில்லறைக் கடைகளையும் முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அங்கே 180 மில்லி பாட்டிலில் பிராந்தி என்று கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டுக்கு நிறமும் மணமும் சேர்த்தது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் எங்கள் ஊர்க் கூட்டுறவு ஆலைகள் பிழியும் கரும்புக்கு நான் கடன் எழுதுகிறேன், ஆகவே பாகின் நாற்றம் எனக்கு அன்னியம் அல்ல. அந்தப் பாட்டிலை எப்போது குடிப்பது? இந்தக் கேள்விக்கே அங்கே அர்த்தம் கிடையாது. கண்ணாடிக்குள் போன ஸ்பிரிட் முதிர்வதில்லை. இன்றைக்கும் அதுதான், பத்து வருஷம் கழித்தும் அதுதான். குடிப்பவன் தீர்மானிக்க ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அளவு. மணி பார்த்துக் குடித்த நாக்கிடமிருந்து மணியைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு அதைப் பார்த்து உனக்கு ரசனை இல்லை என்கிறோம்.

கள்ளுக்கடையைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்கிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சேர்க்கை இல்லை. கணவன் கண்ணில் படாமல் பாஸ்புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கவுன்டருக்கு வருகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களிடம் போய் ருசியின் மரபு என்று பேச எனக்கு வாய் வராது. அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பனையேறியின் அறிவிலும் பதில் இல்லை, ரியோஹாவிலும் இல்லை. ஆனால் அவர்கள் வெறுப்பதற்கும் நண்பர் வெறுப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் குடியை வெறுக்கிறார்கள். அவர் ஏழையின் குடியை மட்டும் வெறுக்கிறார்.

இனி மலை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் இருக்கிற கிராமங்கள் மலையாளிப் பழங்குடிகளுடையவை (கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில்). 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை. சாமை, தினை, மரவள்ளி, தேன், கடுக்காய். இந்தக் கடுக்காயில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். தோல் பதனிடுவதற்காக ஒரு காலத்தில் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சரக்கு இது. துவர்ப்பின் களஞ்சியம். ஓக் பீப்பாய் வைனுக்குத் தருகிற துவர்ப்பும் கடுக்காயின் துவர்ப்பும் ரசாயனத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கில வைன் புத்தகங்கள் துவர்ப்பை ஒரு சுவையாகவே கணக்கில் எடுப்பதில்லை. அது தொடு உணர்ச்சி என்று ஒதுக்கிவிடும். நமக்கு அது ஆறில் ஒன்று, பாக்கும் வாழைப்பூவும் நெல்லிக்காயும் பழக்கிவைத்த தனிச்சுவை. வைனைப் பற்றிப் பேச நண்பருக்கு வேறெந்த மொழியையும்விடப் பொருத்தமான சொல் வீட்டிலேயே கிடந்தது. ஆறு பக்கத்தில் ஒரு தடவைகூட அதை அவர் எடுக்கவில்லை. 'வெல்வெட்' என்று எழுதியிருக்கிறார், மூன்று இடத்தில்.

இந்தக் கடுக்காயும் வேலம்பட்டையும் வெல்லமும் தண்ணீரில் ஊறிக் கிடப்பதற்குத்தான் ஊறல் என்று பெயர். ஓடைக்கரையில், புதர்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் பேரலில். அந்த ஊறலைக் காய்ச்சி இறக்குவது சாராயம். 'ஊறல்' என்ன அருமையான சொல்! ஊறுகாயில் இருக்கிறது, ஊறப்போட்ட அரிசியில் இருக்கிறது, ஊற்றில் இருக்கிறது. காலம் ஒரு பொருளுக்குள் இறங்கி வேலை செய்வதற்குத் தமிழ் வைத்த பெயர் அது. பத்திரிகைகளில் இந்தச் சொல் ஒரே ஒரு சொல்லோடுதான் சேர்ந்து வரும்: ஊறல் அழிப்பு. கல்வராயன் மலையில் இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு. பேரலைக் கவிழ்க்கிற போலீஸ்காரரின் புகைப்படம். காய்ச்சுகிறவனுக்கும் இதனால் ஒரு காலக்கணக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ரெய்டு வருவதற்குள் இறக்க வேண்டும், இறக்கினதை விடிவதற்குள் அப்புறப்படுத்த வேண்டும். முதிர்ச்சியைத் தீர்மானிப்பது அங்கே துவர்ப்பும் புளிப்பும் அல்ல, ஜீப் சத்தம். இந்தச் சாராயத்தை நான் புகழவில்லை. குடித்துப் பார்த்திருக்கிறேன், மட்டமானது, தொண்டையைக் காந்துவது. ஆனால் அது மட்டமாக இருப்பதற்குக் காரணம் மலையாளிக்குக் காத்திருக்கத் தெரியாதது அல்ல. காத்திருந்தால் ஜெயில்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் செத்தவர்கள் குடித்தது இந்த ஊறலில் விளைந்ததுகூட அல்ல. தொழிற்சாலை உபயோகத்துக்கான மெத்தனால் கலந்த சரக்கு, பாக்கெட்டில் அடைத்தது, நீதிமன்றமும் போலீஸ் ஸ்டேஷனும் இருக்கிற ஊர் நடுவில் விற்றது. அறுபதுக்கும் மேற்பட்ட சாவு. கூலிக்காரர்கள் பலர், பெண்களும் உண்டு. ருசி தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்களா? மாட்டார்கள். இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெத்தனாலுக்கும் சாதாரணச் சாராயத்துக்கும் நாக்கில் வித்தியாசம் இல்லை. ரியோஹாவை முகர்ந்தே வருஷம் சொல்லும் ஆசாமிக்கும் தெரியாது. ஈரலுக்குள் போய் ஃபார்மால்டிஹைடாகி, ஃபார்மிக் அமிலமாகி, மணிக்கணக்கு கழித்துக் கண்ணில்தான் முதலில் தெரியும், பார்வை மங்கி. ஈரலில் அதை மறித்து நிற்கக்கூடிய மருந்துகளில் ஒன்று நல்ல சாராயமேதான். மருத்துவர்கள் அதையும் கொடுப்பதுண்டு. ஆகவே இங்கே ரசனையை இழுத்ததே அபத்தம். நண்பர் இழுத்தார். செத்தவர்களின் நாக்கில் குறை கண்டுபிடித்து, தன் மேஜையில் கெட்டுப்போன பாட்டிலை உச்சம் என்று எழுதியவர் அவர். விஷத்தைக் கண்டுபிடிக்க முடியாத நாக்குக்கு மன்னிப்பு உண்டு. காடியைக் கண்டுபிடித்தும் சொல்லாத நாக்குக்கு என்ன உண்டு?

பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதி என்று அரசு அறிவித்தது. 18 வயது நிறையும்போது வட்டியோடு கைக்கு வரும். வைப்பு நிதி ரசீதில் 'முதிர்வு தேதி' என்று ஒரு கட்டம் இருக்கும்; பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் எட்டு வருஷம் தள்ளி ஒரு தேதி. கள்ளக்குறிச்சியில் காத்திருக்கத் தெரியாதவர்கள் என்று எழுதியவர் இந்தக் கட்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நண்பர் இதற்குப் பதில் எழுதுவார் என்று தெரியும். எழுதட்டும். ஆனால் ரியோஹாவைப் பற்றி இன்னொரு கட்டுரை வேண்டாம். புதுச்சேரியில் கள் குடிக்கச் சட்டத்தில் தடையில்லை. ஒரே மரத்துக் கள்ளை வாங்கி வைத்துக்கொண்டு விடியற்காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு என்று நான்கு தடவை குடித்து, 'வெல்வெட்' என்ற சொல் இல்லாமல் நான்கு குறிப்பு எழுதி அனுப்பட்டும். நான்கும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆசிரியர் இடம் தரவில்லையென்றால் எனக்கு ஒதுக்கிய பக்கத்தில் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.